பின்னட்டையும் சேர்த்துத் தைப்பது

பழைய காமிக்ஸ் ஒன்று பைண்டிங்குக்கு வந்தால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதன் கம்பிப் பின். நடு மடிப்பில் இரண்டு பின் இருக்கும். முப்பது நாற்பது வருஷத்தில் துருப்பிடித்து, சுற்றியிருக்கிற தாளையும் அரித்திருக்கும். வெளியிலிருந்து நெம்பினால் அட்டையும் பிய்ந்துகொண்டு வரும். நடுப்பக்கத்தைத் திறந்து, மடங்கிய கால்கள் இரண்டையும் மொண்ணைக் கத்தியால் ஒவ்வொன்றாக நிமிர்த்துங்கள். பிறகு புத்தகத்தைக் கவிழ்த்து, முதுகுப் பக்கமிருந்து மெல்லத் தூக்குங்கள். அப்படியும் வராவிட்டால் கட்டிங் பிளேயரால் நறுக்கித் துண்டு துண்டாக எடுங்கள். பின் போனால் போகட்டும். துருத் தூளைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பின் இருந்த அதே துளைகளில் மெழுகு ஏற்றின நூலை விட்டுத் தைக்க வேண்டும். புதுத் துளை போடக்கூடாது. இதை ஒழுங்காகச் செய்ய எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

நான் 1983-ல் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அரியலூரில் பைண்டிங் கடை வைத்திருந்த ஒரு பாயிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ரயிலடிக்குப் போகிற வழியில் பத்துக்குப் பத்து கடை. அப்போது அரியலூர், பெரம்பலூர் இரண்டுமே திருச்சி மாவட்டம்தான். தாலுகா ஆபீஸ் அடங்கல் புத்தகம், பள்ளிக்கூட நூலகப் புத்தகம், சிமெண்ட் ஆலை லெட்ஜர் என்று பாய்க்கு வருஷம் முழுக்க வேலை இருந்தது. காமிக்ஸ் எப்போதாவதுதான் வரும். லெட்ஜருக்கு முழு காலிகோத் துணி போடுகிறவர், காமிக்ஸுக்கும் அதே மரியாதையைக் கொடுத்தார். "நோட்டு கிழிஞ்சா ஆபீஸ்ல வேற நோட்டு வாங்கிக்குவான். இது கிழிஞ்சா அந்தப் புள்ளை எங்கடா போவான்?" என்பார்.

பாயின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் கொஞ்சம் நீளமாக வளர்த்திருப்பார். மடிப்பு தேய்க்க மூங்கில் பட்டை பக்கத்திலேயே கிடக்கும், ஆனால் காமிக்ஸ் தாளுக்கு அதை எடுக்க மாட்டார். நியூஸ்பிரிண்ட் தாளில் மூங்கில் பட்டையை அழுத்தினால் அந்த இடம் பளபளப்பு ஏறி, மை மங்கிவிடும். நகத்தின் சாய்ந்த பக்கத்தால் ஒரே இழுப்பு இழுப்பார். மடிப்பு கோடு போட்டதுபோல் நிற்கும். அவர் விரலில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று எனக்குப் பார்த்துத் தெரியவில்லை. ஒருநாள் என் விரல்மேல் தன் விரலை வைத்து இழுத்தார். ஈரக் கையால் பூவைத் தொடுகிற அளவுதான் இருந்தது.

பசை அடுத்தது. ஊரில் எல்லா பைண்டரும் மைதாவைத் தண்ணீரில் கரைத்து, மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார்கள். மயில்துத்தம் போட்டால் ராமபாணப் பூச்சி வராது, பசையும் நாலைந்து நாள் கெடாது. லெட்ஜருக்கு அது சரி. பழைய நியூஸ்பிரிண்டில் அதை வைத்தால் வருஷம் போகப் போகப் பசை பட்ட இடம் பச்சை பாரித்து, தாளும் நொறுங்கும். பாய் காமிக்ஸுக்குத் தனிப் பசை வைத்திருந்தார். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, தண்ணீருக்குள் வைத்துக் கசக்கிக் கசக்கிப் பால் எடுப்பார். கோதுமை அல்வாவுக்குப் பால் எடுப்பார்களே, அதே முறைதான். கையில் ரப்பர் மாதிரி மிஞ்சுகிற சக்கையைத் தூக்கிப் போட்டுவிடுவார். அந்தச் சக்கை போனால் பூச்சி வருவது குறையும். பாலைத் தெளியவைத்து, அடியில் படிகிற வெள்ளை மாவை மட்டும் எடுத்து, சின்னத் தீயில் கண்ணாடி நிறம் வரும்வரை கிண்டி இறக்குவார். இந்தப் பசை ஒட்டியதை ஈரத்துணி வைத்து ஐந்து நிமிஷத்தில் பிரித்துவிடலாம். தப்பாக ஒட்டினால் திருத்திக்கொள்ளலாம், ஐம்பது வருஷம் கழித்து வருகிற பைண்டரும் பிரித்து வேலை பார்க்கலாம். மயில்துத்தம் இல்லாததால் மறுநாளே புளித்துவிடும். அதனால் தினமும் காலையில் புதிதாகக் காய்ச்ச வேண்டும். இன்றைக்கும் நான் அப்படித்தான் செய்கிறேன்.

இப்போது என் பெரிய தப்பைச் சொல்கிறேன். 1985 இருக்கும். ஒரு வாத்தியார் தன் மகனுடைய அம்புலிமாமாவையும் முத்து காமிக்ஸையும் கட்டாகக் கொண்டுவந்து, இரண்டு வால்யூமாகப் போடச் சொன்னார். பாய் திருச்சிக்குக் காலிகோ வாங்கப் போயிருந்தார். நானே செய்து காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாரப்பத்திரிகைத் தொடர்கதைகளைச் சேர்த்துக் கட்டுகிற வழக்கம் உண்டு. கல்கியில் 1950-ல் தொடங்கி வந்த பொன்னியின் செல்வனை எத்தனையோ குடும்பங்களில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். அதில் கதைப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துவிடுவார்கள். அதே கணக்கில் நானும் எல்லா இதழிலும் முன்னட்டை, பின்னட்டை, உள்ளே இருந்த விளம்பரப் பக்கம், 'அடுத்த வெளியீடு' அறிவிப்பு எல்லாவற்றையும் சுத்தமாகக் கிழித்தேன். கதையை மட்டும் ஒழுங்காக அடுக்கி பிரஸ்ஸில் வைத்தேன்.

பாய் சாயங்காலம் வந்து பார்த்தார். திட்டவில்லை. குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்தார். "அந்தப் பையன் கதையைப் படிச்சது ஒரு தரம்டா. இதைப் பார்த்தது நூறு தரம்" என்று ஒரு பின்னட்டையை எடுத்துக் காட்டினார். கேமல் வண்ணப் போட்டி விளம்பரம். படத்துக்கு வண்ணம் தீட்டி அனுப்பினால் பரிசு. வாத்தியார் மகன் படத்தில் பாதிக்கு வண்ணம் தீட்டிவிட்டு, அனுப்பாமலே வைத்திருந்தான். நீலம் தீர்ந்துபோயிருக்க வேண்டும், வானத்தை மட்டும் விட்டிருந்தான்.

மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒட்டினேன். கிழித்த ஒவ்வொரு பக்கத்துக்கும் டிஷ்யூ தாளில் அரை அங்குலப் பட்டை வைத்து, பட்டையின் மறுபாதியை எதிர்ப் பக்கத்தில் ஒட்டி, பழையபடி ஒரே தாளாக்கி, மடித்து, அதனதன் இடத்தில் சொருகித் தைக்க வேண்டும். எந்தப் பக்கம் எந்த இதழுடையது என்று தெரியாமல் தவித்தேன். கிழிந்த விளிம்பின் பல்லைப் பார்த்துப் பொருத்தச் சொன்னார் பாய். மேடும் பள்ளமும் சாவியும் பூட்டும் மாதிரி சேரும். நாற்பத்தி மூன்று தாளில் இரண்டு மட்டும் சேரவில்லை. அந்த இரண்டையும் வால்யூமின் கடைசியில் தனியாக வைத்துத் தைத்தோம். டிஷ்யூவைக் கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது என்பதையும் அந்த மூன்று ராத்திரியில்தான் கற்றேன். தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் கோடு இழுத்துவிட்டுக் கையால் பிய்க்க வேண்டும். பிய்த்த ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நார்தான் தாளைப் பிடித்துக்கொள்கிறது. வெட்டின ஓரம் கோடாகத் தெரியும், புரட்டப் புரட்ட அந்தக் கோட்டிலேயே மறுபடி ஒடியும்.

விளம்பரத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்களில் அந்த வயசில் இருந்திருக்க வேண்டும். பாப்பின்ஸ், ஜெம்ஸ் மிட்டாய் விளம்பரங்களைக் கதை மாதிரியே கட்டம் போட்டுத் தருவார்கள். பினாக்கா பற்பசை டப்பாவுக்குள் குட்டி பிளாஸ்டிக் மிருகம் ஒன்று இருக்கும். பற்பசையே அதற்காகத்தான் என்று நாங்கள் நினைத்தோம். வி.பி.பி.யில் வரும் என்று படம் போட்ட பொம்மை சினிமா மெஷினுக்கு நானும் கார்டு எழுதிப் போட்டேன். போஸ்ட்மேன் கொண்டுவந்த பொட்டலத்துக்கு அப்பா பணம் கட்டினார். உள்ளே இருந்தது படத்தில் இருந்த மெஷின் இல்லை, ஒரு தகர டப்பாவும் பூதக்கண்ணாடித் துண்டும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பணம் அவருக்கு இரண்டு நாள் களத்துக் கூலி. அந்த விளம்பரம் வந்த பக்கம் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

1984 ஜூலையில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே மாதத்தில் வந்தன. லயன் சிவகாசியிலிருந்து. முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. ராணி, தினத்தந்தி குழுமத்துடையது. அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே, 1972-ல், சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கி முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யைக் கொடுத்திருந்தார். அவர் மகன் விஜயன்தான் லயனைத் தொடங்கியவர். இந்த மூன்றும் வந்த பிறகு பாய் கடையில் காமிக்ஸ் வேலை கூடியது. பள்ளி விடுமுறைக்கு முன்னால் பையன்கள் மொத்தமாகக் கொண்டுவந்து கட்டச் சொல்வார்கள். கட்டின வால்யூமை விடுமுறையில் வாடகைக்கு விடுவார்கள்.

நான் பெரம்பலூருக்கு வந்து தனிக் கடை போட்ட பிறகு ஒருநாள், சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சார் வந்தார். அவருடைய அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். பொன்மலையில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. அதில் ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போகும்போது இவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன ஒரு டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். திறந்தால் 'வேலியண்ட்', 'லயன்' என்று லண்டன் வார இதழ்கள். சிவகாசி லயனுக்கு முப்பத்திரண்டு வருஷம் முன்னாலேயே, 1952-ல், லண்டனில் ஒரு லயன் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாம் தமிழ் காமிக்ஸில் படித்த ரோபோ ஆர்ச்சி அதன் முதல் இதழிலிருந்தே இருக்கிறான். ஸ்பைடரும் 1965-ல் அதில் வந்தவன்தான்.

ஒரு வேலியண்டைத் தூசி தட்டிப் பிரித்தேன். உள்ளே இரும்புக் கை. மின்சாரம் பாய்ந்து உடம்பு மறைந்துபோய், கை மட்டும் காற்றில் மிதக்கிறது. சின்ன வயதில் வாடகைக்கு எடுத்துப் படித்த அதே கை, அதே நிழல், அதே கோடு. பலூனுக்குள் மட்டும் இங்கிலீஷ். நம் மாயாவிக்கு அங்கே பெயர் லூயிஸ் கிராண்டல், 1962 அக்டோபரில் அந்தப் பத்திரிகையில் தொடங்கியவன், வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஜீசஸ் பிளாஸ்கோ என்பதெல்லாம் சார் சொல்லித் தெரிந்துகொண்டேன். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தாளைத் திருப்பினேன். மறுபக்கம் ஏர்ஃபிக்ஸ் விளம்பரம். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி நாமே செய்துகொள்கிற விமானம், கப்பல். இன்னொரு இதழில் கார்கி பொம்மைக் கார். 1965-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் கார் அது. பொத்தானை அழுத்தினால் கூரை திறந்து வில்லன் பொம்மை வெளியே தெறிக்கும். மெக்கானோ என்றொரு சாமான். துளை போட்ட இரும்புப் பட்டைகளை போல்ட் நட்டால் முடுக்கிக் கிரேன், பாலம் எல்லாம் கட்டலாம். லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி என்பவர் 1901-ல் காப்புரிமை வாங்கியது. அந்தத் தொழிற்சாலையை 1979-ல் மூடிவிட்டார்கள் என்று சார் சொன்னார். சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்தைச் சொல்வதுபோல் சொன்னார். எங்களுக்கு மாயாவி கப்பலேறி வந்தான். அவன் முதுகில் ஒட்டியிருந்த பொம்மைகள் வரவில்லை. சிவகாசிக்கு வந்தது படம் மட்டும்தான். அங்கே ஒரு பையன் கதையைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி என்ன ஏங்கியிருப்பான் என்பது எனக்கு நாற்பது வயசில் தெரிந்தது.

அந்தக் கட்டில் ஒரு தாளில் ஓட்டை இருந்தது. ஏர்ஃபிக்ஸ் விளம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கூப்பன் இருந்திருக்கிறது, யாரோ கத்தரித்து எடுத்துவிட்டார்கள். மூலை நேராக வரவில்லை, சின்னப் பிள்ளை வெட்டின வெட்டு. மறுபக்கம் கதையின் கடைசிக் கட்டம். அதில் இரும்புக் கை மணிக்கட்டு வரைதான் இருக்கிறது. விரல்கள் கூப்பனோடு போய்விட்டன. அதே வயசுத் தாளை வெட்டி வைத்து நிரப்பிவிடலாம் என்றேன். பழைய லெட்ஜர்களின் எழுதாத தாள்களை நிறவாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறேன், இந்த மாதிரி வேலைக்குத்தான்.

"நிரப்ப வேணாம் தம்பி. அந்தப் பையன் பொன்மலையில இருந்து லண்டனுக்கு அனுப்பியிருக்கான். அது இருக்கட்டும்" என்றார் சார்.

நிரப்பவில்லை. ஓட்டையின் ஓரத்தைச் சுற்றி மட்டும், ஒரு நூல் அகலத்துக்கு டிஷ்யூவைப் பிய்த்து ஒட்டினேன். நாலு மூலையிலும்தான் தாள் மேற்கொண்டு கிழியும், அங்கே இரட்டையாக வைத்தேன். ஒரு ஓட்டைக்கு முழு மத்தியானம் ஆயிற்று. இப்போது அந்தப் பக்கத்தைப் புரட்டினால் ஓட்டை வழியாக அடுத்த பக்கம் கொஞ்சம் தெரியும், ஆனால் கிழியாது.

கற்க வருகிறவர்களுக்கு இன்னும் சில விஷயம். கட்டிங் மெஷின் பக்கம் காமிக்ஸைக் கொண்டுபோகாதீர்கள். தைத்து முடித்ததும் மூன்று பக்கமும் ஒட்ட வெட்டினால்தான் வேலை முடிந்தது என்று கை பழகிவிடும். நான் ஒரு தடவை பழக்கத்தில் கால் அங்குலம் வெட்டிவிட்டேன். மேல் வரிசையில் எல்லா பலூனிலும் முதல் வரிக்குத் தலை போய்விட்டது. அந்த வாடிக்கையாளர் காசு கொடுத்துவிட்டு, புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் போனார். மறுபடி வரவில்லை. ஓரம் மேடுபள்ளமாக இருந்தால் இருக்கட்டும். அட்டையைச் சுற்றிலும் கூடுதலாக நீட்டி வையுங்கள், உள்ளே இருப்பது அடிபடாது.

பக்கவாட்டில் துளை போட்டுத் தைப்பது சுலபம், ரிஜிஸ்டருக்குப் பொருந்தும். காமிக்ஸில் அப்படித் தைத்தால் உள்ஓரம் அரை அங்குலம் தையலுக்குள் போய்விடும். நடுப்பக்கத்தில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வரைந்த படம் இருந்தால் தீர்ந்தது. ஒவ்வொரு இதழையும் ஒரு ஃபாரமாக வைத்து, மடிப்பின் நடுவே தைத்து, நாடாவில் கோத்து வாருங்கள். நேரம் மூன்று பங்கு ஆகும். புத்தகம் தட்டையாகத் திறக்கும்.

முதுகுக்கு ஃபெவிகால் தடவாதீர்கள். காய்ந்தால் கல், பிறகு ஒருவராலும் பிரிக்க முடியாது. செல்லோடேப்போடு வருகிற புத்தகத்தை அவசரப்பட்டு உரிக்காதீர்கள். டேப்பின் பசை காய்ந்து பழுப்பாகியிருந்தால் பட்டை தானே கழன்று வரும். கழலாவிட்டால் இஸ்திரிப்பெட்டியை இளஞ்சூட்டில், மேலே ஒரு தாள் போட்டு வைத்து எடுத்து, தட்டையான கத்தியால் ஓரத்திலிருந்து தூக்குங்கள். லேமினேஷன் செய்யச் சொல்லி வருகிறவர்களுக்கு நான் செய்து தருவதில்லை. நியூஸ்பிரிண்ட் மரத்தை அரைத்த கூழில் செய்த தாள், தன் புளிப்பிலேயே பழுக்கும். பிளாஸ்டிக்குக்குள் வைத்து அடைத்தால் உள்ளேயே பழுத்து உதிரும். அப்புறம் உரிக்கவும் முடியாது.

சித்திரை வெயிலில் பெரம்பலூரில் மில் போர்டு அட்டை வில்லாக வளையும். வெளியே காலிகோ ஒட்டினால் அதே அளவு ஈரம் உள்பக்கமும் ஏற வேண்டும். அதற்கு உள்பக்கம் எண்ட் பேப்பரை ஒட்டிய உடனே பிரஸ்ஸில் ஏற்றி ஒரு நாள் முழுக்க விடுங்கள். அட்டை, எண்ட் பேப்பர், காலிகோ மூன்றுக்கும் நார் ஓடும் திசை முதுகுக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திசை தெரியாவிட்டால் தாளின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவினால் போதும். நார் குறுக்கே ஓடினால் ஓரம் அலை அலையாக நெளியும், கூடவே ஓடினால் சும்மா இருக்கும். அரியலூர்ப் பக்கம் வீடு என்றால் இன்னொன்றும் கேட்டுக்கொள்வேன், சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற ரோட்டோரமா என்று. ஆமாம் என்றால் மேல்விளிம்பை மூடுகிற மாதிரி ஒரு உறையும் செய்து கொடுப்பேன். அந்தச் சுண்ணாம்புத் தூசி மேல்விளிம்பில் இறங்கினால், புரட்டும்போதெல்லாம் உப்புத்தாள் மாதிரி மையைத் தேய்க்கும்.

இப்போது பழைய இதழ்களைத் தேடி வாங்குகிறவர்கள் அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். வாங்கும்போது அவர்கள் முதலில் கேட்பது, அட்டை இருக்கிறதா, பின்னட்டை இருக்கிறதா, உள்ளே ஒரு பக்கமும் போகாமல் இருக்கிறதா என்றுதான். பாய் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1998-ல் இறந்துபோனார். அவர் பிரஸ் என் கடையில் இருக்கிறது, திருகு இன்னும் ஆடவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் காமிக்ஸ் கட்டு இருந்தால் எடைக்குப் போடாதீர்கள், கதைப் பக்கத்தை மட்டும் பிரித்து வைக்காதீர்கள். அப்படியே கொண்டுவாருங்கள். வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். பசை அப்போதுதான் காய்ச்சுவேன்.